குத்தூசி முனையில் வரும் மணி

விதையும் வணிகமும்: வாசகர் கேள்வி – பதில்

மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சாப்பாட்டுப் பயம், பாதி வியாபாரக் கவலை. நான் விதைப் பரிசோதனை நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். நான் பிறந்த வீடு ஒரு காலத்தில் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த வீடு. இரண்டுக்கும் என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன்.

ஆச்சி, எங்கள் ஆலையிலிருந்து புழுங்கல் அரிசி ஐரோப்பாவில் உள்ள தமிழர் கடைகளுக்குப் போகிறது. 'மரபணு மாற்றம் இல்லை' என்ற ஆய்வகச் சான்று வந்தால்தான் கன்டெய்னரை ஏற்ற வேண்டும் என்று வாங்குகிறவர் இந்த முறை நிபந்தனை போடுகிறார். இந்தியாவில் மரபணு மாற்ற நெல்லே பயிரிடுவதில்லை. இல்லாத ஒன்றுக்கு எதற்குச் சான்று?
– ஆலை உரிமையாளர், புதுவயல்

தம்பி, நீங்கள் சொல்வது சரி. நம் நாட்டில் வணிகமுறையில் பயிரிட அனுமதி பெற்று வயலில் நிற்கும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். ஆனால் வாங்குகிறவர் வீணாகப் பயப்படவில்லை. அவருடைய பயத்துக்குப் பின்னால் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

2006 ஆகஸ்டில் அமெரிக்க நீள அரிசியில் எல்.எல்.601 என்ற மரபணு மாற்ற ரகத்தின் தடயம் இருப்பதாக அந்த நாட்டு அரசே அறிவித்தது. அது விற்பனைக்கு வந்த ரகம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னால் சோதனை வயல்களில் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்ட ரகம். சோதனை வயலிலிருந்து விதைக்குள் எப்படியோ நுழைந்திருந்தது. ஐரோப்பா சோதனையைக் கட்டாயமாக்கியது, ஜப்பான் வாங்குவதை நிறுத்தியது, அமெரிக்கச் சந்தையில் அரிசி விலை சரிந்தது. அந்த ரகத்துக்கு உரிய பேயர் நிறுவனம் 2011ல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே விவசாயிகள் வழக்குப் போட்டு இழப்பீடு பெற முடிந்தது. நம் சம்சாரிக்கு அப்படி ஒரு நஷ்டம் வந்தால் யார் மீது வழக்குப் போடுவார்?

இரண்டாவது சம்பவம் நம்மைப் பற்றியது. 2021ல் இந்தியாவிலிருந்து போன சுமார் 500 டன் குருணையை அரைத்த மாவில் மரபணு மாற்றத் தடயம் இருந்ததாக ஐரோப்பாவின் உணவு எச்சரிக்கை அமைப்பில் பதிவானது. அந்த மாவு கலந்த மிட்டாய்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எங்களிடம் அப்படிப்பட்ட நெல்லே கிடையாது என்று நம் அரசு மறுத்தது. மறுப்பு நியாயமானதுதான், ஆனாலும் வாங்குகிறவர் மனத்தில் விழுந்த கறை அதனால் மட்டும் போய்விடவில்லை.

ஐரோப்பியச் சட்டத்தில் அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பொருள் 0.9 சதவீதம் வரை தற்செயலாகக் கலந்திருந்தால் லேபிளில் குறிக்க வேண்டியதில்லை. அனுமதி பெறாததற்கு அந்தச் சலுகை இல்லை. மரபணு மாற்ற அரிசி எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. அதனால் ஒரு துளித் தடயம் வந்தாலும் கன்டெய்னர் முழுவதும் குற்றவாளி.

என் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் இருந்தவர். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் குத்தி இழுப்பார். குழலில் இறங்கி வரும் அரிசியை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். பல்லில் படும் சத்தத்திலேயே ஈரம் தெரியும் என்பார். மேல் மூட்டையைக் குத்துகிறவன் ஏமாறுவான், அடுக்கின் நடுவில் இருப்பதைக் குத்த வேண்டும் என்பது அவர் பாடம். இன்றைய ஆய்வகமும் அதையே செய்கிறது, பல்லுக்குப் பதிலாக இயந்திரம். அரிசியை மாவாக்கி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, '35எஸ்' போன்ற தொடர்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். பெரும்பாலான மரபணு மாற்றப் பயிர்களில் புகுத்திய மரபணுவை இயக்குவதற்காக வைக்கும் விசை அது. காலிஃப்ளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது.

உங்கள் ஆலைக்கு முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. மாவாக்கிய பிறகு அந்தத் தடயம் அரிசியிலிருந்து வந்ததா, அரிசியோடு கலந்த தூசியிலிருந்து வந்ததா என்று முதல் சோதனை பிரித்துச் சொல்லாது. நேற்று பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஏற்றிய லாரியில் இன்று அரிசி ஏற்றினால் அந்தத் தூசியே போதும். இறக்குமதிச் சோயாப் புண்ணாக்கு வைத்திருந்த கிட்டங்கியும் அப்படித்தான். லாரியைக் கூட்டிக் கழுவிய பிறகு ஏற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மாதிரி எடுத்து, இரண்டு பொட்டலமாக அரக்கு முத்திரை வைத்து, ஒன்றை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தகராறு வந்தால் அந்தப் பொட்டலம்தான் உங்களுக்குச் சாட்சி. சான்றுக்கு ஆகும் பணத்தை நஷ்டம் என்று எழுதாதீர்கள். கப்பல் கூலி, சாக்குக் கூலிக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

கவுனி அரிசி இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, அது மரபணு மாற்றியதா என்று என் மருமகள் கேட்கிறாள்.
– வாசகி, பள்ளத்தூர்

இல்லை அம்மா. அந்தக் கறுப்பு அரிசியின் தவிட்டில் இயற்கையாகவே உள்ள நிறம். நாவல்பழத்துக்கு நிறம் தருவதும் அதே வகைச் சாயம்தான். நம்மவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த அரிசி என்று வழிவழியாகச் சொல்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை தலைமுறை சாப்பிட்டிருக்கிறோம்! இரவு ஊறவைத்த தண்ணீர் காலையில் கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து மருமகள் பயந்திருக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கச் சொல்லுங்கள்.

மதுரைக்குப் போனால் பருத்திப்பால் குடிக்காமல் வர மாட்டேன். இப்போது எல்லாம் பி.டி. பருத்தி என்கிறார்கள். அப்படியென்றால் நான் குடிப்பது என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்கம்புணரி

ஐயா, உங்கள் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடாத கேள்வி. பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். காய்ப்புழு தின்றால் அதன் குடலைக் கெடுக்கும் புரதத்தைச் செடியே தயாரிக்கிறது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தப் பருத்திதான். ஆகவே கடையில் வாங்கும் பருத்திக்கொட்டை பெரும்பாலும் பி.டி.யாகத்தான் இருக்கும். நாம் ஆட்டி எடுக்கும் பருத்திக்கொட்டை எண்ணெயும், மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கும் அதிலிருந்து வருபவைதான். மரபணு மாற்ற உணவு நம் நாட்டுக்குள் வரவில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டுமா? அந்தப் புரதம் சூட்டில் சிதையும். பருத்திப்பால் நன்றாகக் கொதித்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுத் திரண்டு வருவது. நானும் குடிக்கிறேன். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். குடிக்கிறவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாக நாம் கேட்காமலேயே நம் கோப்பைக்குள் வந்துவிட்டது. சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாம் முடிவு செய்திருப்போம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எச்சரித்து வையுங்கள். விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், சாயமும் ஏற்றியிருப்பார்கள். விதைத்தது போக மிச்சம் என்று அதை ஒருபோதும் ஆட்டாதீர்கள்.

விதையே இல்லாத பப்பாளி வருகிறதே, அது?
– வாசகர், திருப்பத்தூர்

அது மரபணு மாற்றம் அல்ல. நம் சந்தைக்கு வரும் 'ரெட் லேடி' தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு ரகம். வைரஸைத் தாங்கும் மரபணு மாற்றப் பப்பாளி ஹவாய்த் தீவில் 1998 முதல் விளைகிறது. நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை.

ஆச்சி, 2002ல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பஞ்சம் வந்தபோது, அமெரிக்கா அனுப்பிய மக்காச்சோளத்தில் மரபணு மாற்றியது கலந்திருக்கிறது என்று ஜாம்பியா அரசு மறுத்துவிட்டதாகப் படித்தேன். மக்கள் பசியில் கிடக்கும்போது ஓர் அரசு இப்படிச் செய்யலாமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

மகளே, படித்தவுடன் எனக்கும் அப்படித்தான் கொதித்தது. லட்சக்கணக்கானவர்கள் பசியில் இருந்தார்கள். அப்போதைய அதிபர் லெவி முவானவாசா அதை நஞ்சு என்றே சொன்னார். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அதே சோளத்தை அமெரிக்கர்களே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த மறுப்புக்குள் ஒரு விவசாயக் கணக்கும் இருந்தது. உதவியாக வந்தது மாவு அல்ல, முழு மணி. பசித்த சம்சாரி வருகிற மூட்டையில் ஒரு படியை அடுத்த மழைக்கு விதையாக எடுத்து வைப்பான். நம் ஊரில் எடுத்து வைக்க மாட்டோமா? மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் சேரும் பயிர். ஒருவன் வயலில் போட்டால் பக்கத்து வயலுக்கும் போய்விடும். பிறகு ஐரோப்பாவுக்கு விளைபொருள் ஏற்றும்போது உங்களுடையது சுத்தமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒரு பருவத்துப் பசிக்காகப் பல பருவத்துச் சந்தையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அது.

அக்கம்பக்கத்து நாடுகளான ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் அரைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றன. மாவு முளைக்காது. வயிறும் நிறையும், வயலும் தப்பும். என் மனம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அரைக்கும் கூலியை உதவி செய்கிறவர்கள் முதலிலேயே ஏற்றிருந்தால் பசித்தவர்களின் நாட்களை விவாதத்தில் கழித்திருக்க வேண்டாம்.

உன் வயதில் எனக்குப் பசி என்றால் அப்பத்தா சொன்ன கதைதான். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. மறு ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். பர்மா அரிசி நின்றது அதன் காரணங்களில் ஒன்று. ஐயா 1942ல் நடந்தே அசாம் எல்லைக்கு வந்து சேர்ந்தவர். அதன் பிறகு சாகும்வரை எங்கள் வீட்டுக் குதிருக்குள் ஒரு மரக்கால் விதை நெல்லைத் தொட விடமாட்டார். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் தொட்டதில்லை என்று அப்பத்தா சொல்வாள். முழு மணியைக் கண்டு ஜாம்பியாக்காரர்கள் ஏன் பதறினார்கள் என்பது அந்தக் குதிருக்குள் இருந்த விதை நெல்லை நினைத்தால் எனக்குப் புரிகிறது.

கண்டாங்கிச் சேலை நெய்கிறோம். பருத்தியில் மரபணு மாற்றம் வந்தால் நூல் தரம் கெடுமா?
– நெசவாளர், காரைக்குடி

மரபணு மாற்றம் என்றாலே நூல் கெடும் என்று சொல்ல முடியாது. ஆனால் புர்கினா பாசோ என்ற மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்கு நடந்ததை ஒவ்வொரு நெசவாளரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாட்டுப் பருத்திக்கு இழை நீளத்தால் சந்தையில் நல்ல பெயர் உண்டு. நல்ல விலையும் உண்டு. 2008ல் உள்ளூர் ரகங்களிலேயே பி.டி. மரபணுவைச் சேர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ப்புழு குறைந்தது, மருந்தடிப்பும் குறைந்தது, விவசாயிக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜின்னிங் ஆலையில் இழை முன்னைவிடக் குட்டையாக வந்தது. கொட்டை நீக்கிய பிறகு கிடைக்கும் பஞ்சும் குறைந்தது. குட்டை இழைக்கு வாங்குகிறவர் விலையைக் குறைத்தார். 2016 வாக்கில் அந்த நாடு பி.டி. பருத்தியைக் கைவிட்டுப் பழைய ரகத்துக்கே திரும்பியது. வயலில் ஜெயித்த விதை சந்தையில் தோற்றது.

நம் நாட்டின் சிக்கல் வேறு. இங்கே பி.டி. வீரிய ஒட்டு ரகங்களில் வந்தது. அவற்றிலிருந்து எடுத்து வைத்த விதை அடுத்த முறை அதே மாதிரி விளையாது, அதனால் ஆண்டுதோறும் விதைக்குக் கடைக்குப் போக வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006ல் ஆந்திர அரசு தலையிட்ட பிறகுதான் 750க்கு இறங்கியது.

அந்தக் காலத்தில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பாதி பிரித்த பாக்கெட்டோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார். ஒவ்வொரு கொட்டையாகச் சின்னக் குழாயில் போட்டு நசுக்கி, சில சொட்டுக் கரைசல் விட்டு, காகிதப் பட்டையை நிறுத்தினேன். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரிதான். இரண்டு கோடு வந்தால் பி.டி., ஒரு கோடு வந்தால் இல்லை. பத்துக் கொட்டையில் நான்குக்கு ஒரு கோடுதான் வந்தது. அவர் பட்டைகளை வரிசையாக மேசையில் வைத்து விரலால் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். வட்டிக்கு வாங்கிய பணம் அம்மா என்றார். நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். விற்ற கடை அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தது. அந்த நான்கு பட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் மரபணு மாற்ற மக்காச்சோளமும் சோயாவும் வேண்டாம் என்று நம் அரசு ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாதா? எதற்கு இத்தனை வணிகப் பேச்சுவார்த்தை?
– வாசகர், தேவகோட்டை

சொல்லலாம். ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். உலக வணிக அமைப்பின் விதிப்படி உணவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடுக்கிற நாடு, ஆபத்து என்ன என்று அறிவியல் முறையில் மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். 2003ல் அமெரிக்காவும் கனடாவும் அர்ஜென்டினாவும் ஐரோப்பா மீது வழக்குப் போட்டன. 2006ல் வந்த தீர்ப்பு, ஐரோப்பா அனுமதிகளைக் காரணமின்றித் தாமதித்தது தவறு என்றது. மரபணு மாற்ற உணவு நல்லதா கெட்டதா என்பதற்குள் அந்தத் தீர்ப்பு போகவே இல்லை. மெக்சிகோ தன் மக்களின் தினசரி உணவான சோளத் தோசைக்கு மரபணு மாற்றச் சோளம் கூடாது என்று 2023ல் ஆணையிட்டது. வட அமெரிக்க நாடுகளின் வணிக ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த குழு 2024 டிசம்பரில் அதை எதிர்த்துத் தீர்ப்புச் சொன்னது. மெக்சிகோ தலை குனிந்துவிடவில்லை. தன் மண்ணில் அந்தச் சோளத்தை விதைக்கக் கூடாது என்று 2025ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நமக்கு இன்னொரு கவசம் கார்ட்டஹீனா உடன்படிக்கை. 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிருள்ள மரபணு மாற்ற விதையை விதைப்புக்காக முதல் தடவை அனுப்புகிறவர், வாங்கும் நாட்டிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். இந்தியா அதில் உறுப்பினர், அமெரிக்கா இல்லை. 24 வகை உணவுப் பயிர்களின் இறக்குமதிக்கு மரபணு மாற்றம் இல்லை என்ற சான்று வேண்டும் என்று 2021லிருந்து நாமும் கேட்கிறோம். அதே 2021ல் கோழித்தீவன விலை ஏறியதும் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்குக்கு நாமே கதவைத் திறந்தோம். இப்படி மாற்றி மாற்றி நடந்தால் பேச்சுவார்த்தை மேசையில் நம் சொல்லுக்கு எடை குறையும்.

அதற்காக வளரும் நாடுகள் இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடவே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. வங்கதேசம் 2013ல் பி.டி. கத்தரிக்கு அனுமதி கொடுத்தது. அரசு நிறுவனத்தின் சாதா ரகங்களில் கொடுத்ததால் விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறது. அர்ஜென்டினா தன் வறட்சி தாங்கும் கோதுமைக்கு 2020ல் அனுமதி கொடுத்தபோதே, முக்கிய வாடிக்கையாளரான பிரேசில் சம்மதித்த பிறகுதான் விற்பனை என்று நிபந்தனை வைத்துக் காத்திருந்தது. பிரேசில் தலையசைத்த பிறகு 2022ல்தான் விதையை வெளியே விட்டது. சரக்கை ஏற்றிவிட்டு விலை பேசுகிற பழக்கம் நம் பெரியவர்களுக்கும் இருந்ததில்லை.

பி.பி.டி. 5204 நெல்லில் மரபணுவைத் திருத்திக் 'கமலா' என்ற புது ரகம் வந்திருக்கிறதாமே. போடலாமா?
– விவசாயி, கல்லல்

2025 மே மாதம் நம் வேளாண் அமைச்சகம் அறிவித்த இரண்டு ரகங்களில் அது ஒன்று. வெளி மரபணு எதையும் புகுத்தவில்லை. நெல்லில் இருப்பதிலேயே ஒரு சிறு திருத்தம். அதனால் 2022ல் வந்த விலக்கின்படி நம் நாட்டில் மரபணு மாற்றப் பயிர்களுக்கான கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஆனால் இத்தகைய திருத்தங்களும் மரபணு மாற்றச் சட்டத்துக்குள் வரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்தது. அங்கே சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி 2023ல் தொடங்கியது.

புதுவயல் தம்பிக்குச் சொன்ன '35எஸ்' சோதனையில் இந்தத் திருத்தம் பிடிபடாது. வாங்குகிறவர் நாளை கேட்டால் இயந்திரம் பதில் சொல்லாது, உங்கள் கணக்குப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் போட்டுப் பார்க்க நினைத்தால் போடுங்கள், விளைச்சலை எனக்கும் எழுதுங்கள். ஏற்றுமதி ஆலைக்குக் கொடுக்கிற வயலில் இப்போதைக்கு வேண்டாம்.

போட்டால் தனி வயல், தனிக் களம், தனிச் சாக்கு. அறுவடை இயந்திரம் உள்ளே இறங்குமுன் முந்தின வயலின் நெல் அதன் வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். சான்று பெற்ற விதைப் பையில் ஒரு நீல அட்டை தைத்திருக்கும். ரகம், குவியல் எண், நாள் எல்லாம் அதில் உண்டு. பையைப் பிரித்ததும் அதைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். எறியாதீர்கள். எந்த வயலுக்கு அந்த விதை போனது என்று பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். ஆலைக்கு நெல் போகும் நாளில் அந்த அட்டையையும் கொண்டுபோய்க் காட்டி, ரசீதில் ரகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.